நாடாவுக்கு வந்த சோதனை

என் மனைவி தைத்த காமிரா வார் ஒன்றுகூட இதுவரை அறுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை அவள் படிக்க நேர்ந்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவாள்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. ஜன்னலோரம் ஒரு பலகை மேசை. அதன்மேல் தோல் வெட்டும் கத்தி, துளை போடும் ஊசிகள், மெழுகு தேய்த்த நூல்கண்டுகள். காமிராவைக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்ளும் வார்களை ஒவ்வொன்றாகக் கையால் தைப்பாள். தோளில் படும் இடம் நல்ல தடித்த தோல். ஆனால் காமிராவின் இரண்டு பக்கமும் இருக்கிற வளையம் ரொம்பக் குறுகல். தபால்தலை என்றால் படுத்துக்கொண்டு நுழைந்துவிடும், தோல் நுழையாது. சீவி மெல்லிசாக்கினால் பலம் போய்விடும். அதனால் தோலின் இரு முனையிலும் நாடா வைத்துத் தைத்து, அந்த நாடாவை வளையத்துக்குள் விட்டு, பக்கிளில் இறுக்குவாள். காரில் சீட் பெல்ட் இருக்கிறதே, அந்த மாதிரிக் கெட்டி நாடா, அகலம் மட்டும் குறைவு.

வாங்க வருகிறவர்கள் தோலைத் தடவுவார்கள், மோந்து பார்ப்பார்கள், தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நாடாவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவளும் அதுவரை கறுப்பு நைலான் ஒரு சுருள் வாங்கிப் போட்டு, அதைப்பற்றி மறந்திருந்தாள்.

அப்புறம்தான் அவளிடம் வார் வாங்கியிருந்த ஒரு போட்டோகிராபர் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"ஒரு கம்பெனி மேனேஜரோட பிரிவு உபசார விழா. ஒரு கையில லைட்டு, இன்னொரு கையில மைக்கு. அதனால காமிராவை நெஞ்சுல தொங்கவிட்டு வீடியோவை ஓடவிட்டுட்டேன். நீங்களே பாருங்க."

பார்த்தோம். வரவேற்புரையில் மேனேஜரின் முகம் நன்றாகத் தெரிந்தது. அடுத்தவர் பேசும்போது மேனேஜரின் டை தெரிந்தது. அதற்கடுத்தவர் அவருடைய நேர்மையைப் பற்றி உருகியபோது தொப்பையும் பெல்ட்டும். கடைசியில் மேனேஜர் ஏற்புரை வழங்கிய நேரம் பூராவும் ஷூக்கள்தான். அதில் ஒரு ஜோடி கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

"அறுந்துடுச்சா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா. இறங்குது. லிஃப்ட் மாதிரி, சத்தமே இல்லாம."

அவள் அந்த வாரை வாங்கி, பக்கிளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாடாவை மெல்ல இழுத்தாள். நைலான் சோப்புத் தண்ணீரில் நனைந்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்கிற குரலில், "வழுக்குது" என்றாள். பிறகு போட்டோகிராபரின் காமிராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காய்கறித் தராசில் அதை நிறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"புதுசு தைச்சுத் தரேன். ஆனா எந்த நாடா சரின்னு தெரியாம இனிமே ஊசியைத் தொடமாட்டேன். கொஞ்ச நாள் ஆகும்."

அவர் சரி என்று போய்விட்டார். தராசு எதற்கு என்று கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்.

நாடாக் கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்டிருக்கிறாள். அவர் பருத்தியை எடுத்துக் காட்டி, இதை விட்டா வேற கிடையாது என்றாராம். நைலானைக் காட்டி அதையே சொன்னாராம். பாலியெஸ்டருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அதே சத்தியம்தான். எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பினாள். பருத்தி மெத்தென்று இருந்தது, ஆனால் நீலச் சாயத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. நைலான் பளபளப்பு. பாலியெஸ்டர் நைலானுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, மங்கலாக, கொஞ்சம் விறைப்பாக இருந்தது. பிளாஸ்டிக் நாடா மலிவான பைகளில் வருகிற சாதி, எங்களுக்கு வாய்த்தது கண்ணைப் பறிக்கிற மஞ்சள். வெட்டிய முனையில் நூல் பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் காட்டி உருக்குவாள். மற்றவை சமர்த்தாக உருகின. பருத்தி உருகாது, எரியும் என்பதை ஜன்னல் திரையும் சேர்ந்து தெரிந்துகொண்டது.

"கையில வச்சுப் பாத்தா எல்லாம் நல்லவங்களாத்தான் தெரியறாங்க" என்றாள், திரையை அணைத்துவிட்டு. "கழுத்துல போட்டுத் திரிஞ்சாத்தான் யார் எப்படின்னு தெரியும்."

எங்களிடம் காமிரா கிடையாது. தெருக்கோடியில் ஒரு சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே உடைந்து கிடந்த செங்கல்களைப் பொறுக்கிவந்து, அரம் வைத்து ராவி, காமிராவின் எடைக்குக் கொண்டுவந்தாள். சும்மா கட்டித் தொங்கவிட்டால் உடுப்பு அழுக்காகும் என்று ஒவ்வொரு செங்கலுக்கும் தோலில் ஒரு சட்டை தைத்து, காமிராவில் இருப்பது போலவே இரு பக்கமும் குறுகலான வளையம் பொருத்தினாள். பார்க்க நகைப்பெட்டி போல இருந்தது.

வீட்டில் நாலு கழுத்துகள் இருந்தன. அவளுடையது ஒன்று. என்னுடையது ஒன்று. நான் பல்செட் செய்கிறவன், ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் எங்கள் பட்டறை. மூன்றாவது என் மச்சினன், அவளுடைய தம்பி. வேலை தேடுகிறேன் என்ற பெயரில் எங்களோடு இருந்தான். நாலாவது என் அக்கா.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது ரத்து என்று வாழ்க்கை முழுக்க ஒலிபெருக்கியில் சொன்னவள். சொன்ன வண்டி எதைப் பற்றியும் அவளுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை. அதே பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. சமையலில் உப்பு சரியா என்று கேட்டால், "உங்களுக்கு எப்படியோ அப்படி" என்பாள். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்றால், "எனக்கு எதுவானாலும் சரி" என்பாள். என் மனைவி அவளோடு ஒரு தடவையாவது சண்டை போட்டுவிட வேண்டும் என்று எவ்வளவோ முயன்று தோற்றிருக்கிறாள். பிடிமானமே இல்லாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது.

சாப்பாட்டு மேசையில் செங்கல்கள் விநியோகம் ஆயின. தூங்குகிற நேரமும் குளிக்கிற நேரமும் தவிர எல்லா நேரமும் மாட்டியிருக்க வேண்டும், எங்கே போனாலும். பக்கிள் பக்கத்தில் நாடாவில் ஒரு வெள்ளை நூல் குத்தியிருந்தாள். நாடா நழுவினால் நூல் பக்கிளை விட்டு விலகும். எனக்குப் பருத்தி. மச்சினனுக்கு மஞ்சள் பிளாஸ்டிக். அவளுக்குப் பாலியெஸ்டர்.

"அண்ணி, நைலான் மிச்சம் இருக்கு. உங்களுக்குச் சம்மதமா?"

"எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லி அக்கா நைலானை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் நான் செங்கலோடு வேலைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பத்துப் பேருக்கு நடுவில் கழுத்தில் கனத்தோடு உட்கார்ந்து மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருக்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மதியம் ஒருவர் என் பக்கத்தில் வந்து ஓர் ஆப்பிளை வைத்தார். மேற்பார்வையாளர் முதுகு சாயும்படியான நாற்காலி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். சாயங்காலம் கிளம்பும்போது பீங்கான் பிரிவில் இருக்கிறவர் என் தோளைத் தொட்டு, "எவ்வளவு நாளைக்குப் போடச் சொல்லியிருக்காங்க?" என்றார்.

"நாடா தாங்கற வரைக்கும்" என்றேன்.

"மனசைத் தளரவிடாதீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மச்சினன் அந்த வாரம் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. இரும்புப் பெட்டகங்கள் விற்கும் ஒரு கிடங்கு. அன்றைக்கு மட்டும் கழற்றிவிடு என்று நான் சொன்னேன். அவன் என் மனைவியைப் பார்த்தான், அவள் கண்ணாலேயே முடியாது என்றாள். போய்விட்டு வந்து அவனே சொன்னான். முதலாளி சான்றிதழ்களையெல்லாம் புரட்டிவிட்டுக் கடைசியில் அவன் நெஞ்சைக் காட்டினாராம்.

"அது என்ன?"

"செங்கல் சார்."

"எதுக்கு?"

"அக்கா போடச் சொன்னாங்க."

"நான் இப்ப கழட்டச் சொன்னா?"

"அக்காவைக் கேக்கணும் சார்."

முதலாளி எழுந்து கை கொடுத்துவிட்டாராம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஆளுக்காக இவ்வளவு காலம் காத்திருந்தேன் என்றாராம். படிப்பு முடித்த நாளிலிருந்து ஏறாத படியில்லை, எங்கேயும் கிடைக்காத வேலை இங்கே கிடைத்தது. என் மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அவள் உடனே கேட்டது, "நாடா எப்படி இருந்துச்சு?" என்றுதான்.

நாடா அவன் கழுத்தை ரம்பம் மாதிரி அறுத்திருந்தது. பிளாஸ்டிக் நழுவவில்லை, நீளவில்லை, தோலைத்தான் உரித்தது. இதைத் தள்ளிவிடலாம், கழற்றிவிடு என்று அவளே சொன்னாள். அவன் முகம் வாடிப்போயிற்று.

"கழட்ட முடியாதுக்கா. முதலாளி மத்தவங்ககிட்ட என் மஞ்சள் நாடாவைக் காட்டித்தான் பேசறாரு."

அன்றிலிருந்து அடியில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருக்கும். பூங்காவில்தான் விஷயம் கைமீறியது. அக்கா தினமும் காலையில் நடக்கப் போவாள். நைலானில் செங்கலைத் தொங்கவிட்டுக்கொண்டு போனாள். கூட நடக்கிறவர்கள் ரெண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி துணிந்து, "இதனால எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கு. நைலான்" என்றிருக்கிறாள் அக்கா. அவ்வளவுதான். வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்வார்களே தவிர ஏன் அந்த நடைமேடை என்று சொல்கிற வழக்கமில்லை. ஆனால் குரல் அறிவிப்பாளர் குரல். பூங்காவின் அந்தக் கோடியில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

முதலில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர் கீழ்வீட்டு வக்கீல். வழக்குக் கட்டுகளைக் குனிந்து பார்த்துப் பார்த்து அவருக்கு முதுகு முன்பக்கமாக வளைந்துபோயிருந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். சோதனைக்கு இன்னொரு கழுத்து கிடைத்ததே என்று என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நாடாத் துண்டுகளைக் காட்டியபோது, செயற்கை எதுவும் தன் உடம்புக்கு ஆகாது என்று பருத்தியை எடுத்தார். செங்கலை அவர் முன்னால் தொங்கவிடாமல் முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டார். அது அவரைப் பின்னுக்கு இழுத்தது. எழுந்து நின்றார். எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க ஒரு ஒட்டடை இருக்கு" என்றார், பரவசமாக.

அதன்பிறகு தடுக்க முடியவில்லை. கழுத்துவலிக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், தூக்கம் வராதவர்கள், சும்மா பக்கத்து வீட்டார் போட்டிருக்கிறாரே என்று வந்தவர்கள். செங்கல் கிடைக்காதவர்கள் தாங்களே ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருவர் பழைய இஸ்திரிப் பெட்டியோடு வந்தார். ஒரு அம்மாள் மாவாட்டும் குழவியைப் பையனின் ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வந்தாள். எடை சரியாக இருந்தால் போதும் என்று என் மனைவி எல்லோருக்கும் நாடா மாட்டி வெள்ளை நூல் குத்தி அனுப்பினாள். இத்தனை கழுத்துகள் கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் போனவர்கள் திரும்பி வரும்போது அவள் கேட்டது ஒன்று, அவர்கள் சொன்னது வேறொன்று.

"நாடா எப்படி இருக்கு?"

"எந்த நாடா?"

"நீங்க மாட்டியிருக்கற நாடா."

"ஓ, இதுவா. செங்கலுக்கு இன்னும் கொஞ்சம் கரும்பழுப்புத் தோல்ல சட்டை கிடைக்குமா?"

தெருக்கோடிச் சுவர் முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிற்று. ஒரு நாள் மேஸ்திரி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என் செங்கல் பூரா இந்த ஏரியாக்காரங்க கழுத்துல நடந்து போகுதும்மா. நான் எதை வச்சுச் சுவர் கட்டறது?"

என் மனைவி மன்னிப்புக் கேட்டாள், முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னாள். கையோடு, நீங்களும் ஒன்று மாட்டிப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாள்.

"நாள் முழுக்க அதைத்தாம்மா தூக்கறேன்" என்றார் மேஸ்திரி. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே தெளிந்த மனிதர் அவர்தான்.

சாயங்காலமானால் நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் வரிசையாக நிற்போம். அவள் இஞ்ச் டேப்போடு வந்து தோளிலிருந்து செங்கல் வரை அளப்பாள், வெள்ளை நூல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள், கடைசியில் தன்னுடையதையும். பருத்தி என் வியர்வையில் ஊறி நீண்டுகொண்டே போனது. என் கழுத்தைச் சுற்றி நீலக் கோடு விழுந்து, அது எந்தச் சோப்புக்கும் போகவில்லை. பாலியெஸ்டர் மயிரிழை நகர்ந்திருந்தது. நைலான் நூல் குத்திய இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது.

அவளுக்கு மண்டை காய்ந்தது. மேனேஜரை முகத்திலிருந்து ஷூவுக்கு இறக்கிய அதே சுருள், அதே பக்கிள். போட்டோகிராபர் நடக்கிற நடையில் ஏதாவது கோளாறா என்றுகூட யோசித்தாள். கடைசியில், "சோதனைன்னு ஒண்ணு பண்ணிட்டு அது சொல்றதை நம்பாம இருக்க முடியாது. நைலான்தான்" என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வாங்கக் கிளம்பினாள். போகிற வழியில் பூங்கா. அக்கா அங்கே நடந்துகொண்டிருந்தாள். ஐந்தாறு பேர் பின்னால் வந்தார்கள். ஒரு புதருக்குப் பக்கத்தில் அக்கா நின்று, மற்றவர்களை முன்னே போகவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கிளைப் பிடித்து நாடாவை ஒரே இழுப்பில் வெள்ளை நூல்வரை மேலே ஏற்றினாள்.

என் மனைவி கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அக்கா வந்து மேசையில் உட்காரும்வரை காத்திருந்தாள்.

"அண்ணி, நைலான் நழுவுதா?"

அக்கா தட்டைப் பார்த்தாள். "லேசா."

"தினமும் நீங்க இழுத்து விட்டுக்கறீங்களா?"

"எப்பவாவது."

"எதுக்கு? நழுவுதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அதைத் தள்ளியிருப்பேனே. உங்களுக்குத்தான் எதுவானாலும் சரியாச்சே."

நானும் மச்சினனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் பேசினாள், அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"பூங்காவுல எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க, நைலான் எப்படின்னு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். வண்டி தாமதம்னா தாமதம்னு சொல்லிட்டுப் போயிடலாம். அது என் வண்டி இல்ல. இது என்னுது."

என் மனைவி கோபமாகத்தான் இருந்தாள். "அதுக்காகப் பொய்க் கணக்கா? நான் நாளைக்கு இதை வச்சு வார் தைச்சு, யாரோட காமிராவாவது தரையில மோதினா?"

"நாடா மேல தப்பில்ல" என்றாள் அக்கா. இப்போது குரல் ஏறியது. "உன் பக்கிள்தான் வழவழன்னு இருக்கு. பிடிக்கறதுக்கு அதுக்குப் பல்லே இல்ல. பல்லில்லாத வாய்ல எதைப் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்."

"என் பக்கிளைக் குறை சொல்லாதீங்க அண்ணி."

"சொல்வேன். நல்லா இல்லாததை நல்லா இல்லன்னுதான் சொல்வேன். அந்தத் திரையும் நல்லா இல்ல. எரிஞ்ச பிறகுதான் பாக்கற மாதிரி இருக்கு."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியது கீழ்வீட்டு வக்கீல் வரைக்கும் கேட்டது. உப்பு, சுவர் வண்ணம், ஜன்னலைத் திறப்பது, மூடுவது, எல்லாம் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் நடந்த முதல் நல்ல சண்டை அது. என் மனைவியின் முகத்தில் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்ததை நான் பார்த்தேன். எனக்கோ 'பல்' என்று காதில் விழுந்ததிலிருந்து வேறெதிலும் கவனம் போகவில்லை. அந்த வீட்டில் என் தொழிலை யாராவது பேச்சில் எடுப்பது அபூர்வம்.

மறுநாள் பக்கிள்களைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பல்செட் ராவுகிற சின்னச் சக்கரத்தால் நடுக்கம்பியில் பொடிப்பொடியாக வரி போட்டுக் கொண்டுவந்தேன். மாட்டிப் பார்த்தாள். நைலான் கடித்த இடத்தில் நின்றது. அக்காவின் கை படாமலே நின்றது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காஞ்சிருக்கறப்ப சரி" என்றாள் என் மனைவி, விட்டுக்கொடுக்காமல். "நனைஞ்சா?"

"நனைச்சுப் பாரு" என்றாள் அக்கா.

மழை வந்த முதல் காலையில் எல்லோரும் பூங்காவில் கூடினோம். சொல்லி அனுப்பத் தேவையே இருக்கவில்லை. அதற்குள் பூங்காவில் நைலான்காரர்கள், பருத்திக்காரர்கள் என்று இரண்டு கட்சி ஆகியிருந்தது. பருத்திக்கு வக்கீல்தான் தலைமை. எதிர்த்தரப்பு நாடாவை ரகசியமாக இழுக்கக்கூடாது என்று ஆட்சேபம் எழுப்பினார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பாலியெஸ்டர் கட்சியில் என் மனைவி மட்டும்தான். எல்லோருக்கும் என் பக்கிள். கொட்டுகிற மழையில் செங்கலும் இஸ்திரிப் பெட்டியும் குழவியுமாக வரிசையாக நின்றார்கள். நான் குடை பிடித்தேன், யார் தலைக்கும் அல்ல, இஞ்ச் டேப்புக்கு.

நன்றாக ஊறியபின் என் மனைவி அளந்துகொண்டே போனாள். வக்கீலின் பருத்தி தண்ணீரைக் குடித்துப் பருத்து, சாயம் அவருடைய வெள்ளைச் சட்டையில் நதிப் படம் போல இறங்கியது. நைலானில் வெள்ளை நூல் இருந்த இடத்தில் இருந்தது, பக்கிள் விடவில்லை. ஆனால் நாடாவே ஈரத்தில் நீண்டிருந்தது. அக்கா குனிந்து டேப்பைத் தானே பார்த்தாள். பாலியெஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் பார்த்தாள்.

அக்கா நிமிர்ந்து, மழைக்கு மேலே கேட்கும்படி அறிவித்தாள்.

"கவனிக்கவும். பருத்தி, சாயம் காரணமாக ரத்து செய்யப்படுகிறது. நைலான், ஒரு விரற்கடை தாமதம். பாலியெஸ்டர், குறித்த நேரத்தில்."

குரலில் துளி பிசிறில்லை. நைலான்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வக்கீல் மேல்முறையீடு என்று ஏதோ ஆரம்பித்து, தும்மலில் விட்டுவிட்டார். திரும்பி வரும்போது என் மனைவி அக்காவின் கழுத்திலிருந்து செங்கலைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குடு, நானே தூக்கிக்கறேன்."

"இருக்கட்டும் அண்ணி. உங்க பக்கிள் யோசனைதான் நின்னுச்சு."

"ஆமா" என்றாள் அக்கா. "அது சரியான யோசனைதான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்கள் சுவருக்குத் திரும்பின. தோல் சட்டையை உரித்து எடுத்து, அரம் ராவிச் சிறுத்துப்போன கல்லைப் பார்த்து மேஸ்திரி எங்களைத் திட்டிக்கொண்டே கட்டினார். பீங்கான் பிரிவுக்காரர் என் கழுத்தில் செங்கல் இல்லாததைப் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மச்சினனால் மட்டும் மஞ்சள் நாடாவை விடமுடியவில்லை. கிடங்கில் அவனுக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் மஞ்சள்தான் வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

வார் தயாரானதும் போட்டோகிராபர் வந்தார். தோளில் மாட்டி, காமிராவைக் கோத்து, கண்ணாடி முன்னால் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். கிளம்புகிற நேரத்தில், சும்மா மரியாதைக்காகத்தான், "இது என்ன நாடாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் கையிலிருந்த ஊசியை மெழுகில் குத்தி வைத்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் நாடாக் கடையிலிருந்து ஆரம்பித்தாள். மெழுகுவத்திக்கு வரும்போது அவர் பையை மடியில் வைத்திருந்தார், மழைக்கு வரும்போது தரையில் வைத்துவிட்டார்.

"நனைஞ்சதும் நைலான் ஒரு விரற்கடை நீண்டுடுச்சு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அரை" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

"ஒண்ணு அண்ணி. நீங்கதான் அறிவிச்சீங்க."

"அறிவிக்கறப்ப முழுசாத்தான் சொல்வாங்க." அக்கா இஞ்ச் டேப்போடு முன்னறைக்கு வந்தாள். "அரைக்குக் கொஞ்சம் மேல. தம்பி, நீங்க எழுந்து நில்லுங்க, காட்டறேன்."

போட்டோகிராபர் எழுந்து நின்றார். நான் அவருக்கு டீ போட உள்ளே போனேன்.